கரண்ட் போய் வந்தால் ஸ்கேனர் படுத்துவிடுகிறது: லினக்ஸின் பிழையா, ஹப்பின் பிழையா?

ஜனவரி 17, மாலை 6.50 (கேள்வி)

மன்னார்குடியில் அரிசி மண்டி வைத்திருக்கிறேன். கணினியில் உபுண்டு 22.04. எடைத் தராசு ஒன்று, பார்கோடு ஸ்கேனர் ஒன்று, இரண்டும் யூஎஸ்பி, ஒரே ஹப் (ஒரு போர்ட்டைப் பலதாகப் பிரிக்கும் பெட்டி) வழியாக. தராசு முதல் நாளிலிருந்தே எடை அனுப்பவில்லை. ஸ்கேனர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று படுத்துவிடும். பழைய விண்டோஸ் கணினியில் இரண்டும் ஓடின. யூஎஸ்பி சாதனத்தை ஒழுங்காக அமைக்க லினக்ஸுக்குத் தெரியவில்லை என்பது என் முடிவு. இல்லை என்பவர்கள் நிரூபியுங்கள். சம்பா அறுவடை நடக்கிறது, சீக்கிரம்.

ஜனவரி 17, இரவு 10.15 (பதில்)

தராசை முதலில் முடிப்போம்.

தராசின் பின்னால் சீரியல் கேபிள், அதன் முனையில் ஒரு யூஎஸ்பி மாற்றி. மலிவான மாற்றி என்றால் உள்ளே இருப்பது அநேகமாக சிஎச்340 சிப். செருகியிருக்கும் சாதனங்களைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை அடித்தால் 1ஏ86:7523 என்று வரும். (கட்டளைகளை ஒலிப்பில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.) சிஎச்341 என்ற டிரைவர் (சாதனத்தோடு பேசும் நிரல்) அதைப் பிடித்து டிடிஒய்யூஎஸ்பி0 என்று ஒரு கோப்பு உண்டாக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கோப்பு ஒரு நொடி வந்துவிட்டு மறைகிறது என்று பந்தயம் கட்டுகிறேன்.

டிமெசேஜ் (கணினியின் உள்பதிவைக் காட்டும் கட்டளை) பாருங்கள். "இன்டர்ஃபேஸ் 0-ஐ சிஎச்341 பிடித்திருக்கும்போது பிஆர்எல்டிடிஒய் கான்ஃபிக் 1-ஐ அமைக்கிறது" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். பிஆர்எல்டிடிஒய் என்பது பார்வையற்றவர்கள் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் டிஸ்ப்ளேக்கான நிரல். உபுண்டு 22.04-இல் கூடவே வருகிறது. ஒரு பிரெய்ல் கருவிக்குள்ளும் இதே 1ஏ86:7523 எண் கொண்ட சிப் இருப்பதால், உங்கள் தராசைப் பிரெய்ல் டிஸ்ப்ளே என்று நினைத்து டிரைவரின் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மேல் தப்பில்லை.

பிஆர்எல்டிடிஒய்யை நீக்கிவிடுங்கள். தராசு பேசும்.

ஜனவரி 18, காலை 7.05

நேற்று இரவு எழுதியதில் கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். "நீக்கிவிடுங்கள்" என்பது எல்லோரும் எல்லோருக்கும் சொல்லும் வைத்தியம், நானும் வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டேன்.

போன வருஷம் என் கடைக்கு (கும்பகோணம், சர்வீஸ் கடை) ஒரு கல்லூரி மாணவி லேப்டாப்போடு வந்தார். பார்வை இல்லாதவர். பிரெய்ல் டிஸ்ப்ளே வேலை செய்யவில்லை. யாரோ ஒரு புண்ணியவான், ஏதோ புரோகிராமிங் போர்டை ஓட்டுவதற்காக, அதே லேப்டாப்பில் பிஆர்எல்டிடிஒய்யை நீக்கிவிட்டுப் போயிருந்தார். அந்தப் புண்ணியவான் நானாகவும் இருந்திருக்கலாம், அந்தப் பழக்கம் எனக்கும் உண்டு.

எனவே முறையான வழி: யூஎஸ்ஆர் லிப் யூடெவ் ரூல்ஸ் அடைவில் 85-பிஆர்எல்டிடிஒய் என்று தொடங்கும் விதிக் கோப்பு இருக்கும். அதை ஈடிசி யூடெவ் ரூல்ஸ் அடைவுக்கு, பெயர் மாற்றாமல், நகல் எடுங்கள். நகலில் 1ஏ86/7523 வருகிற அந்த ஒரு வரிக்கு முன்னால் # போடுங்கள். பெயர் ஒன்றாக இருந்தால் ஈடிசியில் இருப்பதுதான் செல்லும். பிறகு தராசைப் பிடுங்கிச் செருகுங்கள்.

ஜனவரி 18, இரவு 9.30

தராசு பேசிவிட்டதாம். ஸ்கேனர் இன்னும் அப்படியேதான் என்கிறார். "கரண்ட் போய் வந்தால்தான் படுக்கிறது" என்று புதிதாக ஒன்று சொல்கிறார். கரண்ட் போனால் கணினியும்தானே போகும் என்றேன். போகாதாம், இன்வெர்ட்டரில் இருக்கிறதாம்.

சும்மா இருக்கும் சாதனத்தை 2 நொடியில் தூங்கவைக்கும் ஆட்டோசஸ்பெண்ட்தான் காரணம் என்பது என் கணிப்பு. கெர்னல் தொடக்க வரியில் யூஎஸ்பிகோர்.ஆட்டோசஸ்பெண்ட்=-1 என்று சேர்த்துப் பாருங்கள்.

ஜனவரி 19, மதியம் 1.20

சேர்த்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆகாது. கெர்னலோடு வரும் விளக்கக் குறிப்பை மறுபடி படித்தேன்: அந்தத் தானியங்கித் தூக்கம் இயல்பாக ஹப்களுக்கு மட்டும்தான் செயலில் இருக்கும், மற்ற சாதனங்களுக்கு யாராவது இயக்கினால்தான் உண்டு. அதோடு, தூக்கம்தான் காரணம் என்றால் கரண்ட் போவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கேட்டவர் துப்பைக் கையில் கொடுத்தார், நான் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய பாட்டைப் பாடினேன்.

"ஜி" குவர்க் (முரண்டு பிடிக்கும் சாதனத்துக்குக் கெர்னல் காட்டும் விதிவிலக்கு) போடலாம் என்று இன்னொருவர் தனியாகச் சொல்லியிருந்தார். யூஎஸ்பிகோர்.குவர்க்ஸ் என்று சாதன எண்ணோடு எழுதி முடிவில் ஜி சேர்த்தால், கான்ஃபிகரேஷன் (சாதனம் இயங்கும் ஏற்பாடு) விவரத்தை முழுதாகப் படிப்பதற்கு முன் கெர்னல் 200 மில்லிநொடி பொறுக்கும். மெதுவாக விழிக்கும் சாதனங்களுக்கு நல்ல மருந்து. ஆனால் அந்த நோய்க்கு அடையாளம் -71, -110 போன்ற பிழை எண்கள். நமக்கு வந்தது அது இல்லை என்றுதான் தோன்றுகிறது. டிமெசேஜ் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், முழுசாக, வெட்டாமல்.

ஜனவரி 21, இரவு 11.00

வந்தது. வாட்ஸ்அப்பில், திரையைப் போனில் எடுத்த 14 படங்கள். ஒன்பதாவது படத்தில் இருந்தது.

இரண்டு வரி. "பஸ்ஸில் போதிய மின்சாரம் இல்லாததால் 1 கான்ஃபிகரேஷன் நிராகரிக்கப்பட்டது." அடுத்தது: "இருந்த 1 தேர்வில் எந்தக் கான்ஃபிகரேஷனும் எடுக்கப்படவில்லை." தமிழ் என்னுடையது, சொல்வது கெர்னல்.

இது தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக. யூஎஸ்பி சாதனத்தைச் செருகியதும் கெர்னல் அதனிடம் 18 பைட் ஜாதகம் கேட்கும்: நீ யார், எந்தக் கம்பெனி, உன்னிடம் எத்தனை கான்ஃபிகரேஷன். பிறகு ஒவ்வொரு கான்ஃபிகரேஷனுக்கும் முதலில் 9 பைட் மட்டும் வாங்கும். அந்த 9-க்குள் மொத்த நீளம் எழுதியிருக்கும், அதைப் பார்த்து முழுசையும் கேட்கும். 9 பைட்டில் கடைசி பைட்தான் இங்கே முக்கியம். "எனக்கு இவ்வளவு மின்சாரம் வேண்டும்" என்று சாதனம் சொல்லும் இடம் அது. அந்த போர்ட்டில் தர முடிந்ததைவிட அதிகமாகக் கேட்டால் கெர்னல் அந்தக் கான்ஃபிகரேஷனைத் தொடாது. சாதனம் எல்எஸ்யூஎஸ்பியில் தெரியும், முகவரி இருக்கும், பெயர் இருக்கும். ஆனால் எந்த டிரைவரும் ஒட்டாது. பந்தியில் உட்காரவைத்து இலை போடாத மாதிரி.

ஸ்கேனர் கேட்பது 200 மில்லியாம்ப். ஹப் தருவது 100.

ஜனவரி 21, இரவு 11.25

200 இல்லை, 400. அந்த பைட் 2 மில்லியாம்ப் அலகில் எழுதப்படுவது. பைட்டில் 200 இருந்தால் 400 என்று பொருள். எத்தனை வருஷமானாலும் இதில் ஒரு தடவை விழுந்துதான் எழுகிறேன்.

100 எங்கிருந்து வந்தது என்றால்: ஹப்புக்குச் சொந்த அடாப்டர் இருந்தால் போர்ட்டுக்கு 500 தரலாம் என்று கெர்னல் வைத்துக்கொள்ளும். ஹப் கணினியிடமிருந்தே மின்சாரம் உறிஞ்சுகிறது என்றால் போர்ட்டுக்கு 100-தான். கணினியின் ஒரு போர்ட் தருவதே 500, அதில் ஹப் தன் செலவு போக நாலு பேருக்குப் பங்கு வைக்க வேண்டும். தராசு மாற்றி கேட்பது 98, அதனால் அது தப்பித்தது. நாலு நாளாக "தராசு ஓடுகிறது, ஸ்கேனர் மட்டும் ஏன்" என்று மண்டையை உடைத்துக்கொண்டதற்கு விடை 98-க்கும் 400-க்கும் நடுவில் இருந்தது.

நம் ஊர் பாஷையில் சொன்னால், ஸ்கேனர் கடைமடையில் இருக்கிறது.

ஜனவரி 22, காலை 8.40

"எங்கள் ஹப்புக்கு அடாப்டர் இருக்கிறதே" என்று கேட்டிருக்கிறார். அப்படியென்றால் ஹப் பொய் சொல்கிறது. மலிவு ஹப்களில் இது சகஜம். அடாப்டர் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய சிப்பின் கம்பிக்காலை, பார்க்காமலே ஒரு பக்கம் கட்டிவிடுவார்கள்.

இப்போதைக்கு: சிஸ் பஸ் யூஎஸ்பி டிவைசஸ் அடைவில் ஸ்கேனரின் எண்ணுள்ள கோப்புறைக்குள் பிகான்ஃபிகரேஷன்வேல்யூ என்று ஒரு கோப்பு இருக்கும். ரூட் (நிர்வாகி) அனுமதியோடு அதில் 1 என்று எழுதுங்கள். கெர்னல் "வரம்பை 300 மில்லியாம்ப் தாண்டுகிறது" என்று முணுமுணுக்கும், ஆனால் செய்துவிடும். தானாகத் தேர்வு செய்யும்போதுதான் மறுப்பு, நாமே சொன்னால் எச்சரிக்கை மட்டும்.

ஜனவரி 22, மாலை 5.00

ஸ்கேனர் ஓடுகிறதாம். பாராட்டுக்கு நன்றி.

ஜனவரி 23, இரவு 10.50

பாராட்டைத் திருப்பித் தருகிறேன். இன்று மதியம் கரண்ட் போன நேரத்தில் அவர்கள் கணக்குப் பையன் நான் சொன்னபடி 1 எழுதியிருக்கிறான். ஸ்கேனர் எழுந்தது. நாலு மூட்டை ஸ்கேன் செய்ததும் ஹப் மொத்தமாக விழுந்து, தராசையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. எடை பாதியில் நின்றது, வண்டிக்காரர் சத்தம் போட்டார்.

என் கடையில் அதே மாதிரி ஒரு ஸ்கேனர் இருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 90 பக்கம், விளக்கு எரிந்து படிக்கும்போது 310 வரை எகிறுகிறது. 400 என்று கேட்டது கொஞ்சம் தாராளம், ஆனால் பொய் இல்லை. கெர்னல் வேண்டாம் என்றதற்கு ஒரு நியாயம் இருந்தது, நான்தான் கதவை உடைத்து உள்ளே விட்டேன்.

ஒரு கேள்வி பாக்கி. கரண்ட் இல்லாதபோது ஹப் "எனக்கு அடாப்டர் இல்லை" என்றால் அது உண்மை. அப்போது ஹப் பொய் சொல்லவில்லை. கரண்ட் வந்த பிறகும் ஏன் 100-லேயே நிற்கிறது? நேற்று காலையில் நான் ஹப்பைத் திட்டியதும் அவசரம் போலிருக்கிறது. வியாழக்கிழமை கடை லீவு. நேரில் போகிறேன்.

ஜனவரி 26, இரவு 9.45

போய் வந்தேன். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது, அரை மணி நேரம் அங்கேயே. பேருந்தில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் அது பழகிப்போன விஷயம், ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

மண்டிக்குள் நுழைந்ததும் சுணை. கழுத்தெல்லாம் அரிப்பு. கணினி மேசைக்கடியில் ஹப், அதன் மேல் விரல் கனத்துக்குத் தவிட்டுத் தூசி. அடாப்டர் எங்கே போகிறது என்று கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன். கணினியும் மானிட்டரும் சுவரில் புதிய வெள்ளை பெட்டியில் செருகியிருந்தன. ஹப் அடாப்டர் மட்டும் பழைய பழுப்பு ஸ்விட்ச் போர்டில். 2018-இல் கஜா அடித்தபோது இந்தப் பக்கமெல்லாம் நாள்கணக்கில் இருட்டு. அதற்குப் பிறகுதான் இன்வெர்ட்டர் போட்டார்களாம், கணினிக்கும் ஒரு விளக்குக்கும் மட்டும் தனியாக லைன் இழுத்தார்களாம். ஹப் பிறகு வாங்கியது. பக்கத்தில் இருந்த போர்டில் செருகிவிட்டார்கள், அது நேர் ஈபி லைன்.

அதாவது ஈபி போனால் கணினி நிற்காது, ஹப்பின் அடாப்டர் மட்டும் சாகும். முதல் நாளிலேயே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "அடாப்டர் எந்தப் பிளக்கில் இருக்கிறது".

நல்லவேளையாக (எனக்கு, அவருக்கு இல்லை) பதினொன்றரைக்கு கரண்ட் போனது. பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

கரண்ட் போன நொடி ஹப் துண்டிக்கப்பட்டு, உடனே கணினியின் மின்சாரத்தில் புது எண்ணோடு மறுபடி எழுந்தது. எல்எஸ்யூஎஸ்பியில் விரிவாகக் கேட்டால் ஹப்பின் டிவைஸ் ஸ்டேட்டஸ் 0, அதாவது பஸ் மின்சாரம். தராசு ஏறிவிட்டது. ஸ்கேனர் நிராகரிப்பு. இதுவரை எல்லாம் நியாயம்.

பன்னிரண்டு பத்துக்கு கரண்ட் வந்தது. இந்தத் தடவை ஹப் விழவில்லை, ஏனென்றால் அது உயிரோடுதானே இருந்தது. மறுபடி கேட்டேன். டிவைஸ் ஸ்டேட்டஸ் 1, செல்ஃப் பவர்ட். ஹப் தெளிவாகச் சொல்கிறது: எனக்கு அடாப்டர் வந்துவிட்டது. ஸ்கேனரைப் பிடுங்கிச் செருகினேன். அதே நிராகரிப்பு. இன்னொரு போர்ட்டில் போட்டேன். அதே.

கணக்குப் பையன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குனிந்து, ஹப்பின் கேபிளையே கணினியிலிருந்து பிடுங்கிச் செருகினான். ஸ்கேனர் "பீப்" என்றது. "நாங்க எப்பவும் இப்படித்தான் பண்ணுவோம் சார்." இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் அவனைக் கேட்கவில்லை.

ஹப் உண்மை சொல்கிறது. ஸ்கேனர் உண்மை சொல்கிறது. 22-ம் தேதி ஹப்பைத் திட்டி எழுதியதை ரத்து செய்துகொள்கிறேன். கேள்வி கேட்டவர் முதல் நாள் சொன்னது பாதி சரி என்றே தோன்றுகிறது. மேட்டூர் திறந்த பிறகும் முறைப்பாசனக் கணக்கிலேயே தண்ணீர் விடுகிறது கெர்னல்.

ஜனவரி 27, இரவு 11.40

மூலநிரலில் தேடினேன். ஹப்.சி என்ற கோப்பு.

ஹப் முதலில் எழும்போது ஓடும் பகுதியில் டிவைஸ் ஸ்டேட்டஸைக் கேட்கிறார்கள். சொந்த மின்சாரம் இல்லை என்றால் இரண்டு காரியம்: லிமிடெட்_பவர் என்ற கொடியை (ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் குறி) 1 ஆக்குகிறார்கள், எம்ஏ_பெர்_போர்ட் என்ற எண்ணை ஒரு யூனிட் அளவுக்கு, அதாவது 100-க்கு, இறக்குகிறார்கள். யூஎஸ்பி 3 ஹப் என்றால் யூனிட் 150, முழு அளவு 900.

பிறகு ஹப் "என் மின்சாரம் மாறிவிட்டது" என்று தகவல் அனுப்பினால் ஓடும் இடம் வேறு. அங்கே லிமிடெட்_பவர் கொடியை மட்டும் மாற்றுகிறார்கள். எம்ஏ_பெர்_போர்ட்டை யாரும் தொடவில்லை. புதிதாகச் செருகும் சாதனத்துக்கு எவ்வளவு தரலாம் என்று பார்ப்பதோ எம்ஏ_பெர்_போர்ட்டைத்தான். கொடி இறங்கிவிட்டது, எண் 100-லேயே உட்கார்ந்திருக்கிறது.

அந்த இடத்திலேயே எழுதியவர்கள் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார்கள்: ஃபிக்ஸ்மீ, இது எப்போதும் உண்மையா? சந்தேகம் அவர்களுக்கும் இருந்திருக்கிறது. படித்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு பிழையைத் தேடிப்போய், அது இருக்கும் வரிக்கு மேலேயே சந்தேகக் குறி இருப்பதைப் பார்ப்பது தனி அனுபவம்.

கெர்னலைத் தொடாமல் செய்ய ஒரு வழி: ஹப்பின் கோப்புறையில் ஆத்தரைஸ்டு என்ற கோப்பில் 0 எழுதி, பிறகு 1 எழுதினால் ஹப் டிரைவர் விலகி மறுபடி ஒட்டும், டிவைஸ் ஸ்டேட்டஸைப் புதிதாகக் கேட்கும். பையன் கேபிளைப் பிடுங்கிச் செருகுவதும் இதேதான், அவனுக்கு ரூட் கடவுச்சொல் தேவைப்படவில்லை.

ஜனவரி 28, காலை 6.30

மேட்டூரை மூட வேண்டிய தேதி. நான் கெர்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.

மின்சார மாற்றத் தகவல் வரும் இடத்தில் எம்ஏ_பெர்_போர்ட்டையும் மாற்ற நாலு வரி சேர்த்தேன். தொகுத்தால் "யூனிட்_லோட் அறிவிக்கப்படவில்லை". அது அந்த முதல் பகுதிக்குள் மட்டும் வாழும் மாறி. இங்கேயும் கணக்கிட வேண்டும். திருத்தி மறுபடி விட்டிருக்கிறேன். உபுண்டுவில் யூஎஸ்பிகோர் கெர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டிருப்பதால் தனி மாட்யூலாக மாற்றிப்போட முடியாது, முழுக் கெர்னலையும் கட்ட வேண்டும். என் பழைய கணினிக்கு அது பொங்கல் பானை வைப்பது மாதிரி, பக்கத்திலேயே இருந்து பார்க்கவேண்டும்.

ஜனவரி 30, இரவு 10.10

கட்டி முடித்து, அதே ரக ஹப் ஒன்று வாங்கி, அடாப்டரைப் பிடுங்கி மாட்டிச் சோதித்தேன். நேர்மாறாக ஓடியது! அடாப்டர் வந்தால் 100, போனால் 500.

இரண்டு மணி நேரம் கழித்துப் புரிந்தது. யூஎஸ்பியில் மின்சார நிலையைச் சொல்லும் பிட்கள் இரண்டு இருக்கின்றன, இரண்டும் எதிரெதிர். டிவைஸ் ஸ்டேட்டஸில் முதல் பிட் 1 என்றால் சொந்த மின்சாரம் இருக்கிறது. ஹப் ஸ்டேட்டஸில் முதல் பிட் 1 என்றால் சொந்த மின்சாரம் போய்விட்டது. எந்த மகராசன் இப்படி வைத்தானோ. முதல் பகுதியில் முன்னதைப் பார்க்கிறார்கள், மாற்றத் தகவலில் பின்னதை. நான் முதல் பகுதியிலிருந்து நிபந்தனையை அப்படியே நகலெடுத்திருந்தேன்.

திருப்பிப் போட்டேன். இப்போது அடாப்டரைப் பிடுங்கினால் ஹப் விழுந்து 100-இல் எழுகிறது. மாட்டினால் எண் 500 ஆகிறது. ஸ்கேனரைப் பிடுங்கிச் செருகினால் ஓடுகிறது.

ஜனவரி 31, காலை 7.15

தூங்கி எழுந்து மேலே எழுதியதைப் படித்தேன். "ஸ்கேனரைப் பிடுங்கிச் செருகினால்." ஆக, ஒரு வாரம் கண்விழித்து, ஹப்பைப் பிடுங்கிச் செருகும் இடத்திலிருந்து ஸ்கேனரைப் பிடுங்கிச் செருகும் இடத்துக்கு வந்திருக்கிறேன். பையனிடம் இதைச் சொல்லப் போவதில்லை.

காரணம் தெரிகிறது. ஏற்கெனவே நிராகரிக்கப்பட்டு உட்கார்ந்திருக்கும் சாதனம் தனக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைச் செருகிய நேரத்தில் குறித்துக்கொண்டுவிட்டது. ஹப்பின் எண் பிறகு ஏறியது அதற்குத் தெரியாது. ஹப்புக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு போர்ட்டாகப் போய், கான்ஃபிகரேஷன் இல்லாமல் இருப்பவர்களை எழுப்பி மறுபடி தேர்வு செய்யச் சொல்லலாம். அப்படிச் செய்ய ஒவ்வொரு சாதனத்தின் பூட்டையும் (ஒரே நேரத்தில் இரண்டு பேர் கைவைக்காமல் தடுப்பது) சரியான வரிசையில் எடுக்க வேண்டும். பூட்டு வரிசை தவறினால் மொத்தக் கணினியும் உறைந்துவிடும். ஒரு மண்டிக் கணினியில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு சந்தேகம், எதிர்த்திசையில். அடாப்டர் போகும்போது விழாமல் சமாளிக்கும் நல்ல ஹப் என்றால், 500 வாங்கி ஓடிக்கொண்டிருக்கும் சாதனங்கள் அப்படியே ஓடும், எண் மட்டும் 100-க்கு இறங்கும். ஓடுகிறவர்களை நிறுத்துவதா, விடுவதா? நிறுத்தினால் நகலெடுத்துக்கொண்டிருக்கும் பென்டிரைவ் பாதியில் போகும். விட்டால் ஹப்பே மயங்கலாம். என் மாற்றம் விட்டுவிடுகிறது. இப்போதுள்ள கெர்னலும் விட்டுவிடுகிறது, அதனால் நான் புதிதாக எதையும் கெடுக்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 4, மாலை 6.20

மன்னார்குடியில் எலெக்ட்ரீஷியன் வந்து, இன்வெர்ட்டர் லைனிலிருந்து ஹப்புக்கு ஒரு பிளக் பாயிண்ட் போட்டுவிட்டார். நான் 26-ம் தேதி போனபோதே சொல்லிவிட்டு வந்தேன், அறுவடை அவசரத்தில் இப்போதுதான் ஆள் கிடைத்தது. மூன்று தடவை கரண்ட் போய் வந்துவிட்டதாம், ஸ்கேனருக்குத் தெரியவே இல்லையாம். கேள்வி கேட்டவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது. அவர் கணினியில் என் கெர்னலைப் போடவில்லை, கேட்டபோதும் வேண்டாம் என்றுவிட்டேன்.

"அப்ப லினக்ஸ் தப்பா, இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று போனில் கேட்டார். தராசுக்கு இல்லை, கரண்ட் போனபோது இல்லை, கரண்ட் வந்த பிறகு ஆமாம். ஒரே வார்த்தையில் வரவில்லை.

பிப்ரவரி 5, காலை 9.00

அடாப்டர் பிளக்கில் எறும்புக் கூடு இருந்ததை 26-ம் தேதி எழுத மறந்துவிட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் நம் பக்கம் மின்சாரச் சாமான் எது பழுதானாலும் முதலில் எறும்பைப் பாருங்கள்.

பிப்ரவரி 11, இரவு 8.50

இன்று எங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. கடையில் வேறு வேலை இல்லை. இன்வெர்ட்டரில் கணினியை ஓட்டி, ஹப் அடாப்டரை அதே இன்வெர்ட்டரின் இன்னொரு பிளக்கில் வைத்து, கையால் ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைத்தேன். மொத்தம் 12 தடவை. ஒவ்வொரு தடவையும் தராசு மாற்றி, ஸ்கேனர், ஒரு வைஃபை டாங்கிள் மூன்றும் ஹப்பில்.

பழைய கெர்னலில் முதலில் 3 தடவை செய்தேன், மூன்றிலும் ஸ்கேனரும் டாங்கிளும் திரும்ப வரவில்லை. பிறகு என் மாற்றத்தோடு 9. எட்டில் எண் 500-க்கு ஏறியது, பிடுங்கிச் செருகியதும் இரண்டும் ஓடின. ஏழாவது தடவை மட்டும் ஏறவில்லை. கெர்னல் பதிவில் மின்சார மாற்றம் என்ற வரியே இல்லை. அந்தத் தடவை ஸ்விட்சை அணைத்த வேகத்திலேயே போட்டிருந்தேன். ஹப் தகவல் அனுப்பவில்லையா, அனுப்பியதைக் கெர்னல் தவறவிட்டதா என்று தெரிந்துகொள்ள வயரில் போகும் போக்குவரத்தைப் பதிவு செய்ய வேண்டும். யூஎஸ்பிமான் இயக்கிவைத்துக்கொண்டு மறுபடி முயன்றேன், அதற்குள் இன்வெர்ட்டர் பேட்டரி கூப்பாடு போட ஆரம்பித்துவிட்டது.

அந்த ஏழாவது தடவைக்குக் காரணம் தெரியாமல் மாற்றத்தை வெளியே அனுப்ப மனம் வரவில்லை. அடுத்த பராமரிப்பு நாளில் பேட்டரியை முந்தின இரவே முழுசாக ஏற்றி வைத்துக்கொள்கிறேன்.